எவர்சில்வர் குண்டானும் நாலு பழம்புடவையும்

பிரின்சிக்குத் தையல் தெரியும் என்று தெருவே நம்பியது. பிரின்சியும் நம்பினாள். வினையே அதுதான்.

நம்பாமல் என்ன செய்வார்கள்? பதினோரு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, நீலக் கோட்டு என்று அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் அந்தக் கம்பெனிக் கதவையே இவள் போய்த்தான் திறக்க வேண்டும்போல இருக்கும். அவளுடைய அப்பா, அம்மா இருவரும் ஆரணிப் பக்கம் யார் யார் நிலத்திலோ நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள் பிரின்சி. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, இருக்கட்டுமே.

ஆனால் அந்தப் பதினோரு வருஷமும் அவள் தைத்தது ஒன்றே ஒன்றைத்தான். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டில் வருமே ஒரு பட்டை, கம்பெனியில் அதற்குக் கஃப் என்று பெயர். இடது கை கஃப்பைப் பொருத்துவது பிரின்சி. வலது கை கஃப்புக்குப் பக்கத்து மிஷின்காரி. காலருக்கு ஒருத்தி, பைக்கு ஒருத்தி, பட்டன் துளைக்கு ஒருத்தி. ஒரு நாளைக்கு எழுநூறு இடது கை. அந்தக் கை எந்த உடம்போடு சேர்ந்தது, சட்டை எந்தச் சீமைக்குப் போனது என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. முழுச் சட்டை ஒன்றை அவள் தன் கையால் தைத்துப் பார்த்ததே இல்லை.

ஒருநாள் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வேன் வருவது நின்றது. பிரின்சி ஒரு பழைய மிஷின் வாங்கி, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் தன் ஒற்றை அறை வீட்டின் ஜன்னலோரம் போட்டாள். மறுநாளே மகளுக்கு ஜாக்கெட் துணியோடு வந்து நின்றாள் மூன்றாவது வீட்டுத் திலகவதி.

திலகவதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயது. தெருக் குழாயில் யார் முதல் குடம், யார் கடைசிக் குடம் என்று முடிவு செய்வது அவள்தான். அவள் நல்லவள் என்றால் தெரு நல்லவள் என்னும். அவள் முகத்தைத் திருப்பினால் தெருவே கழுத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"ரம்யாவுக்கு நிச்சயதார்த்தம் பிரின்சி. கம்பெனிக்காரி நீ கீறப்போ நான் ஏன் பஜாருக்குப் போவணும்? ஜோரா தச்சிக் குடு" என்றாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரின்சியின் வாயில் அந்த வார்த்தை வரவில்லை. பதினோரு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

அளவு ஜாக்கெட்டை வைத்து உடம்பை ஒரு மாதிரி வெட்டிவிட்டாள். கைக்கு வந்தபோதுதான் கோட்டை விட்டாள். ஜாக்கெட் கையின் மேல்வளைவு முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் குடைந்திருக்க வேண்டும். துணியை எதிரெதிராக மடித்துப் போட்டு வெட்டினால் ஒன்று இடது கையாகவும் மற்றது வலது கையாகவும் விழும். ஊரில் பழகிய எந்தத் தையற்காரியும் தூக்கத்தில்கூட அப்படித்தான் மடிப்பாள். ஆனால் கம்பெனியில் துண்டுகள் ஒரே முகமாக அடுக்கிக் கட்டாக வரும். பிரின்சியின் கைக்கு அந்த அடுக்குதான் பழக்கம். ஜரிகைக் கரையுள்ள பட்டுத் துணியை ஒரே முகமாக ஒன்றன்மேல் ஒன்று போட்டாள், வெட்டினாள். இரண்டும் இடது கை!

நிச்சயதார்த்தத்தன்று ரம்யா தட்டை வாங்கக் கை நீட்டினாள். இடது கை நீண்டது. வலது கை தோளோடு இழுத்துப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், அன்று சாயந்திரமே திலகவதி நடுத்தெருவில் நின்றாள்.

"இன்னாடி தச்சி வச்சிக்கீற? எம் பொண்ணுக்கு ரெண்டு கையும் ஒரே பக்கமாவா மொளச்சிக்கீது? பதினோரு வருசம் கம்பெனில இன்னா பண்ணிக்கினு இருந்த, ஈ ஓட்டிக்கினு இருந்தியா?"

பிரின்சி அழவில்லை. "தப்பு என்னுதுதான்க்கா" என்றாள். திலகவதி காதில் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. பிரின்சி வீட்டுக்கு வந்த துணியும் நின்றது. ஒரு பாவாடைக்கு நாடா கோர்க்கக்கூட ஆள் வரவில்லை.

இம்மானுவேல், அவள் வீட்டுக்காரர், சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் பிரின்சி சோற்றைப் போடுவதற்கு முன்னால் இதைத்தான் சொன்னாள்.

"இதே அக்கா அவங்க கையால துணி குடுத்து, தச்சிக் குடு பிரின்சின்னு கேக்கணும். கேக்க வக்கலன்னா, இந்த மிஷின காயலான் கடைல போட்டுடறேன்."

"போடு. அதுக்கு முன்ன என் சட்டைக்கு பட்டன் வச்சிக் குட்து போடு" என்றார் அவர்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். சட்டையைக் கையில் வாங்கியவள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டன் வைக்கவில்லை. பிளேடை எடுத்தாள். தையல் தையலாகப் பிரித்தாள். காலர் தனி, தோள் தனி, கை தனி. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எது எதோடு சேர்கிறது என்று சாக்பீஸால் குறித்தாள். மறுபடி தைத்தாள், கோணிக்கொண்டது. மறுபடி பிரித்தாள். வருஷத்துக்கு இரண்டு செட் என்று ஆலை கொடுத்த சாம்பல் நிறச் சீருடைகள் பழசாகிப் பெட்டி நிறையக் கிடந்தன. பதினான்கு சட்டை. பதினான்கையும் பிரித்துப் போட்டாள்.

"போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சிதா? நாளைக்கு வேலைக்கி இன்னாத்த மாட்டிக்கினு போறது?" என்று இம்மானுவேல் கேட்டார்.

"பனியனோட போங்க. இரும்பு இன்னா வெக்கப்படவா போவுது."

ஒன்பதாவது சட்டையில் கைக்கு இடது வலது பிடிபட்டது. பிறகு தன் பழைய புடவைத் துணியில் ஜாக்கெட் தைத்துத் தைத்துப் பார்த்தாள். முதல் நாலு ஜாக்கெட் கரித்துணியாயின. ஐந்தாவதைத் தானே போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனாள். பாட்டு நேரத்தில் வேண்டுமென்றே இரண்டு கையையும் உயரத் தூக்கினாள். எங்கேயும் இழுக்கவில்லை. அன்று அவள் யாரைத் துதித்தாள் என்று ஆண்டவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

இருந்தாலும் துணி வரவில்லை. வராவிட்டால் சும்மா உட்காருகிறவளா? பிரித்துப் போட்ட சீருடைத் துண்டுகளில் டிபன் பை, மிக்சி உறை, தலையணை உறை என்று தைத்தாள். மிச்சத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் பழைய வேட்டியைக் கொடுத்து, மூன்று அடுக்காகக் கையால் நூலோட்டம் போட்டு ஒரு ஒட்டுப் போர்வை செய்தாள். முதல் போர்வை நடுவில் உப்பிக்கொண்டது. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்ட வேண்டிய நூலை இவள் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓட்டியிருந்தாள். பிரித்தாள், திரும்பவும் ஓட்டினாள். ஆரம்பத்திலிருந்து கடைசி முடிச்சு வரைக்கும் தன் ஒருத்தி கையாலேயே ஆன ஒரு பொருளை அவள் அன்றுதான் மடித்து வைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குச் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துபோனாள்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிற ஆள் மொபெட்டில் வந்தான். போகிக்காக வீட்டை ஒழித்த திலகவதி, பழைய காட்டன் புடவைகளைக் கொடுத்து ஒரு பெரிய பேசின் வாங்கிக்கொண்டாள். அவள் இப்போது நைட்டிக்கும் சிந்தெடிக் புடவைக்கும் மாறிவிட்டாள். மொபெட் பிரின்சி வாசலைத் தாண்டும்போது மூட்டைக்கு மேலே நாலு புடவை தெரிந்தது. மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, கிளிப்பச்சைக் கட்டம், வெளிர் நீலம். தெருவே அறிந்த புடவைகள். திலகவதியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், துணியைப் பேணுவதில் அவளை அடிக்க ஆளில்லை. கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, பத்துப் பதினைந்து வருஷம் கட்டியும் ஒரு கிழிசல் இல்லை. துவைத்துத் துவைத்து வெண்ணெயாக இருந்தன.

பிரின்சி வண்டியை மறித்தாள். "அண்ணே, அந்த நாலையும் எனக்குக் குடு."

"காசுக்கு குடுக்கறதில்லமா. சாமானுக்கு சாமான்" என்றவன், திண்டில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் குண்டானைப் பார்த்தான். "அத்த குடு, எட்த்துக்க."

அது சாதாரணக் குண்டான் இல்லை. ஒரு வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலைக்குப் போனதற்காகக் கம்பெனி கொடுத்த பரிசு. அவள் பெயர் வெட்டியிருந்தது. காய்ச்சலோடு போன நாளெல்லாம் அந்தக் குண்டானில் இருந்தது. பிரின்சி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு எடுத்து நீட்டினாள்.

"நாலு கந்தலுக்கு எவர்சில்வர் குண்டானா? உனக்கு மற கழண்டுச்சா?" என்றார் இம்மானுவேல்.

"அந்த அக்கா துணி என் ஊட்டுக்கு வந்துச்சா இல்லியா? அவங்க கையால வரல, அவ்ளோதான" என்றாள் பிரின்சி.

கல்யாணமாகிப் போய், ஆடி மாதம் அம்மா வீட்டுக்கு வந்த ரம்யாவுக்கு ஆறு மாதம். அதைப் பார்த்த அன்றுதான் பிரின்சி அந்தப் புடவைகளில் கத்தரி வைத்தாள். பச்சைக் குழந்தைக்குப் புதுத் துணி ஆகாது. பழகிய பழந்துணியில்தான் முதலில் கிடத்த வேண்டும். அதுவும் சொந்த வீட்டுத் துணியாக இருக்க வேண்டும். சிறிய போர்வை, தொட்டிலளவு. மேலே நாலு நிறத்திலும் சதுரங்கள், நடுவில் புடவை, அடியில் புடவை. நடுவிலிருந்து ஓரத்துக்குப் பொடிப்பொடி நூலோட்டம். வேறு வீட்டுத் துணி ஒரு இழையும் சேர்க்கவில்லை. முடித்துத் துவைத்து, நிழலில் உலர்த்தி, பெட்டியில் வைத்தாள்.

"குட்துட்டு வாயேன்" என்றார் இம்மானுவேல்.

"மூஞ்சில வீசுனா?" என்றாள். பயம்தான். மூன்று மாத வேலை திரும்பி வந்தால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் முன்னதாகவே ரம்யாவுக்கு வலி கண்டு, பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, நல்ல காட்டன் துணியாகச் சுற்றி வைக்கச் சொன்னார்கள். கடம்பத்தூர் தங்கையிடம் பழந்துணி கேட்டு வைத்திருந்தாள் திலகவதி, அது அடுத்த மாதம்தான் வருவதாக ஏற்பாடு. ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு ஓடி வந்து பீரோவைக் கவிழ்த்தாள். எல்லாம் வழவழக்கிற துணி. கொடியில் இருந்ததெல்லாம் ஈரம். அக்கம்பக்கத்தார் தங்கள் துணியைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

"கண்டவங்க கட்ன துணிய பச்ச ஒடம்புல போட மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். தெருவை ஆட்டிப்படைத்தவள் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை.

பிரின்சி போர்வையைப் பாலிதீன் கவரில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசலில் நின்றாள்.

"இத்த எட்த்துக்கினு போங்கக்கா."

திலகவதி நிமிர்ந்து பார்த்தாள். "உன் துணி எனக்கு வேணாம்."

"என் துணி இல்லக்கா. உங்க துணி."

கவரைப் பிரித்தாள். மாம்பழ மஞ்சள் முதலில் தெரிந்தது, அப்புறம் கத்தரிப்பூ. திலகவதியின் கை தானாகப் போய் அதைத் தொட்டது. "ஐயோ, இது என் பொடவ ஆச்சே! பேசினுக்குப் போட்டேனே... இது ரம்யாவ ஸ்கூலுக்கு இட்டுக்கினு போவசொல்ல கட்னது." தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் எங்கேயும் உப்பவில்லை, கோணவில்லை.

போர்வையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். ஒரு நன்றிகூட இல்லை. பிரின்சி நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டாமல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். வாங்கிக்கொண்டாளே, அது போதாதா என்று நினைத்தாள். போதவில்லை.

இருபது நாள் கழித்து, நாஷ்டா வேளையில் கதவு தட்டப்பட்டது. திலகவதி. தோளில் போர்வைக்குள் சுருண்டு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு அளவு ஜாக்கெட், ஒரு மெரூன் பட்டுத் துணி, ஜரிகைக் கரையோடு.

"ஞாயித்துக்கெழம பேர் வக்கிறோம். தச்சிக் குடு பிரின்சி" என்றாள். துணியைப் பிரின்சியின் கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். "எனக்கு ஒரு கை இந்தப் பக்கம், ஒரு கை அந்தப் பக்கம். மறந்துடாத."

பிரின்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உள்ளேயிருந்து இம்மானுவேல் குரல் கொடுத்தார்: "காயலான் கடைக்காரன் வந்தா இன்னான்னு சொல்லட்டும்?"

திலகவதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணியை எதிரெதிராக மடித்துத் தரையில் விரித்து, சாக்பீஸைக் கையில் எடுத்தாள் பிரின்சி.