பிலோமினா அக்காவின் மெலிந்த முகம்

இத்தாலியில், பொலிதேயாமாப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டின் சமையலறையில் சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. "தங்கச்சி, பிலோமினா போயிட்டா" என்றார் அக்காவின் கணவர் சந்தியாப்பிள்ளை அண்ணர்.  அந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு மன்னாரை விட்டு வந்தவர் அக்கா. லிபெர்த்தாப் பகுதியில் ஒரு முதிய சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மாவை, வீட்டோடு பராமரித்தார். அவருடைய வாய்க்குத் தேவாலயப் பங்குச் சுவாமிக்கே பயம். ஆனால் ஏசி ஏசியே சோறு போடுவார்; யாரையும் பட்டினியாக அனுப்பியதில்லை.

வந்த கொஞ்சக் காலத்தில் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வயிற்றில் பொருத்திய குழாய் வழியே பையிலுள்ள மருந்துநீரை விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, கழிவோடு வெளியே எடுக்கும் சிகிச்சையை வீட்டிலேயே செய்துகொண்டார். ஊரில் விசாவுக்குக் காத்திருந்த கணவருக்கு மட்டும் சொல்லவில்லை. "சொன்னா அந்த மனுசன் சாப்பிடாது. இஞ்சை வந்து தெரியட்டும்."

எங்கள் ஆட்களின் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பில் நீர் தேங்கி அக்காவின் முகம் ஊதியபோது, பூசை முடிந்து வந்தவர்கள், "பிலோமினா, இத்தாலி உமக்கு ஒத்துப்போச்சு, நல்லாய் உடம்பு வைச்சிட்டீர்" என்று மகிழ்ந்தார்கள். அக்கா அந்த முகத்தைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். அண்ணரும் சந்தோஷப்பட்டு எழுதினார். பிறகென்ன, படம் எடுக்கும் ஞாயிறு நெருங்கினால், முகம் ஊதட்டும் என்று உப்புக் கருவாட்டுக் குழம்பும் தேநீரும்தான். கூடுதல் நீரை இழுக்கும் கடும் மருந்துநீரைத் தொடவே மாட்டார்.

மருத்துவமனையில் மொழிபெயர்க்க நான்தான் போவேன். ஒருமுறை மருத்துவர் அம்மா அக்காவின் கணுக்காலை விரலால் அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது. தேங்கிய நீர் இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது, இரத்தக் குழாய்கள் விறைத்துப்போகின்றன, இதயம் அவற்றோடு மல்லுக்கட்டிக் களைக்கிறது என்றார். இப்படியே போனால் கணவர் வரும்வரை தாங்காது என்றும் சொன்னார். அதை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை. அக்காவே என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "படத்திலை நான் நல்லாயிருந்து என்ன செய்ய? அவர் வரேக்கை நான் இருக்க வேணுமெல்லே."

அன்றே உப்பை விட்டார்; தண்ணீரைக் குறைத்தார்; கடும் மருந்துநீரையும் ஏற்றார். தாகத்துக்கு எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு என்னோடு சண்டை பிடிப்பார். நீர் இறங்க இறங்கக் கன்னம் ஒட்டியது. "ஐயோ, வாடிப்போனீர்" என்று அதே சனம் கண் கலங்கியது. "வாடினாத்தான் இருப்பன், போங்கோ" என்பார். படம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

ஒருவழியாக விசா கிடைத்து அண்ணர் வந்தார். விமான நிலையத்தில் அக்கா என் பின்னால் ஒளிந்தார். அண்ணர் நேராக வந்து அவருடைய கன்னத்தைத் தொட்டார். "படத்திலை இருந்தது ஆரோ. இதுதான் நான் கலியாணம் கட்டின முகம்." அக்காவின் வாய் அன்று மட்டும் அடங்கியிருந்தது.

ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் சேர்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்துதான் நோயை அறிந்த அண்ணர், கிருமி படாமல் கை கழுவி மருந்துநீர்ப் பை மாற்றப் பழகினார். ஆனால் முன்பே விறைத்த இரத்தக் குழாய்கள் இளகவில்லை. இதயம் நின்றுவிட்டது. இன்னும் ஒரு கோடை கிடைத்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. அவருடைய ஏச்சைக் கேட்க ஏங்குகிறேன்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பினோம். அறை நிறைய ஆட்கள். மாலையில் பை மாற்றும் நேரம் வந்ததும் அண்ணர் எழுந்து, முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். துடைத்த கைகளை எதிலும் படாமல் உயர்த்திப் பிடித்தபடி அறை நடுவே நின்றார்.

"அண்ணை, இருங்கோ" என்றேன்.

"கை சுத்தமாய் இருக்கு, தங்கச்சி" என்றார்.

அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினேன். போய் வாருங்கள், அக்கா. அவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.