பச்சைப் பேனைத் திருத்தங்கள்

பதினேழு வயதில் நான் ஒரு நாவல் எழுதினேன். அதில் ஒரு தீவு. அங்குள்ள ஒவ்வொருவரும் மாலையானதும் காவலகத்துக்குப் போய், அயலவர் அன்று பேசியதில் ஒன்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்ல எதுவும் இல்லாதவர்கள் கடற்கரைக்குப் போக முடியாது.

அப்போது ஊர்காவற்றுறையில் ஒரு தனியார் விடுதியில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். என் வீடு அனலைதீவில். விடுதியில் கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும். பொறுப்பாளர் மிஸ் அலுமாரிகளைச் சோதிப்பார். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி பக்கத்துக் கட்டிலில் இருந்த, மண்கும்பான் ஊர்க்காரி. நான் கொப்பியில் எழுத எழுத அவள் வாசித்தாள். எழுத்துப் பிழைகளைப் பச்சைப் பேனையால் திருத்தினாள்.

கதாநாயகியை அவளுடைய சிநேகிதியே காட்டிக்கொடுக்கும் அத்தியாயத்தை வாசித்த அன்று, கொப்பியை மூடி என் மடியில் வைத்தாள்.

"இது நான்தானே?"

"இல்லையடி, சும்மா கதை."

"பின்னை ஏன் அவள் என்னை மாதிரிப் பின்னல் நுனியைக் கடிக்கிறாள்?"

நான் உற்றுக் கவனித்த ஒரே ஆள் அவள்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாரமே அவள் மற்ற அறைக்கு மாறிவிட்டாள். மிஸ் காரணம் கேட்டபோது, "அங்க காத்து வரும் மிஸ்" என்று மட்டும் சொன்னாளாம்.

பத்து நாளில் அலுமாரிச் சோதனையில் கொப்பி பிடிபட்டது. மிஸ் அதைத் தன்னைப் பற்றிய கதை என்றே எடுத்துக்கொண்டார்.

"இதை ஆர் வாசிச்சது?"

"ஒருத்தரும் இல்லை மிஸ்."

"பொய் சொல்லாதையும். இந்தப் பச்சை எழுத்து ஆற்றை? சொல்லாட்டி இண்டைக்கே வீட்டை போகலாம்."

நான் அவளுடைய பெயரைச் சொன்னேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை.

உண்மையைச் சொன்னேன் என்பதால் என்னை எச்சரித்ததோடு விட்டுவிட்டார்கள். அவள் ஒரு மாதம் வீட்டுக்குப் போகக் கூடாது என்றார்கள். அதற்குள்தான் அவளுடைய ஊர்க் கோயில் தேர் வந்தது. அந்தச் சனிக்கிழமை மற்ற எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சோளகக் காற்றுக்கு அனலைதீவுப் படகு ஓடாததால் நானும் நின்றுவிட்டேன். மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்தில் நாங்கள் இருவர் மட்டுமே, வேறு வேறு மேசைகளில். நான் எழுந்து போய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

"மன்னிச்சுக்கொள்."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "கதையில அந்த வேலையை எனக்கெல்லோ குடுத்தனீ" என்றாள்.

திரும்பி வந்து என் கதிரையில் இருந்தேன். அதன் பிறகு பரீட்சை முடியும்வரை அந்த விடுதியில் யாருடனும் நான் மனம்விட்டுக் கதைத்ததில்லை.

பல வருடங்கள் கழித்து நாவலைத் திரும்ப எழுதினேன். இந்த முறை காட்டிக்கொடுப்பவள் கதாநாயகி. புத்தகமானதும் அந்த மண்கும்பான் சிநேகிதியின் வீட்டு விலாசத்துக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

போன வருடம் ஊர்காவற்றுறை பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். கையில் மருந்துப் பை.

"புத்தகம் கிடைச்சதோ?" என்று கேட்டேன்.

"ஓம், கிடைச்சது. வாசிச்சனான்." மருந்துப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "நீங்கள் சுகமா இருக்கிறீங்களோ?"

"ஓம்" என்றேன். யாழ்ப்பாண பஸ் வந்தது. ஏறி, நான் நின்ற பக்கத்துக்கு மறுபக்க யன்னலோரம் போய் இருந்துகொண்டாள்.