கரை சேர வேண்டும்

ஜோதிமேரியின் மன்றாட்டு அந்தோணியாருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும் என்று பாம்பனில் பெண்கள் கேலி பேசுவார்கள். செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தில் உபதேசியார் பெஞ்சமின் அந்தோணியார் கோயில் பெட்டியைத் திறந்து மன்றாட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒருத்தி மகளுக்கு மாப்பிள்ளை கேட்டிருப்பாள், இன்னொருத்தி புருஷன் குடியை விடக் கேட்டிருப்பாள். கிடைத்ததும் அடுத்ததைக் கேட்பார்கள். ஜோதிமேரி மட்டும் பதினோரு வருஷமாக ஒன்றையே கேட்டாள்: "கடலுக்குப் போன என் மகன் இன்னாசி கரை சேர வேண்டும்."

தொண்ணூற்றாறில் இன்னாசிக்கு இருபத்திரண்டு வயது. அவன் மீன்பிடிக்கப் போன வல்லம் காற்றில் கவிழ்ந்தது. கூடப் போன இருவரை நான்காம் நாள் வேறொரு படகு தூக்கி வந்தது. இன்னாசி ஒரு பலகையைப் பிடித்தபடி தெற்கே இழுபட்டுப் போனதைப் பார்த்ததாக அவர்கள் சொன்னார்கள். செத்ததை யாரும் பார்க்கவில்லை. ஜோதிமேரிக்கு அது போதும். ஏதோ ஒரு தீவில், ஏதோ ஒரு சிறையில் இருக்கிறான் என்றாள். கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். கடல்பாசி எடுக்கத் தண்ணீரில் இறங்கும்போதும் சிலுவை போட்டு அந்த வரியைத்தான் சொன்னாள். நச்சரித்தே கடவுளை இறங்கிவரச் செய்துவிடலாம் என்று முழுசாக நம்பினாள்.

அவள் புருஷன் அருளானந்தம் ஆண்கள் பக்கம் கடைசித் தூணருகே உட்காருவார். ஒவ்வொரு சீட்டுக்கும் கோயிலே சேர்ந்து, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். மகனுக்கான சீட்டு வரும்போது அவர் மட்டும் வாய் திறக்க மாட்டார். பெத்த அப்பனுக்கு நம்பிக்கை இல்லையே என்று ஜோதிமேரிக்கு உள்ளுக்குள் ஆத்திரம்.

அவளுக்கு எழுதத் தெரியாது. சீட்டை பெஞ்சமினே எழுதித் தருவார். இரண்டாயிரத்து ஏழில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஜோதிமேரி தன் அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சேதுலட்சுமி டீச்சரிடம் போனாள். டீச்சர் பரமக்குடிக்காரி, தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், கடலைப் பார்த்தே ஆறு மாதம்தான் ஆகிறது. ஜோதிமேரி சொன்னதை, கடற்கரையில் காதில் விழுந்த பேச்சிலேயே எழுதினால் அழகாக இருக்குமென்று, "கரை ஒதுங்க வேண்டும்" என்று எழுதிவிட்டாள். கடற்கரையில் உயிரோடு வருகிறவன்தான் கரை சேருவான். ஒதுங்குவது பிணம்.

பெஞ்சமினுக்கு வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பெண்கள் பக்கம் தலைகள் ஜோதிமேரியை நோக்கித் திரும்பின. அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒற்றைக் குரல் வந்தது.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அருளானந்தத்தின் குரல். ஜோதிமேரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

வீடு வரும் வழியில் கேட்டாள்: "பதினோரு வருசமா நீங்க இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தீகளா?"

"ஆமா மேரி."

"எம்புள்ள சாகணும்னா?"

"அவன் போயிட்டான் மேரி. அந்தக் காத்து எப்பேர்ப்பட்டதுன்னு எனக்குத் தெரியும். ஒரு எலும்பாச்சும் ஒதுங்குனா குழியில வச்சு, அங்கன போயி உக்காந்து அழுவேன். எனக்கு அழுகுறதுக்கு எடமே இல்லயே."

சொல்லிவிட்டு நடுத்தெருவில் நின்று அழுதார். இந்த மனுஷன் கல் என்று அவள் நினைத்திருந்தாள். அவரும் தன்னைப் போலவே ஒரு நாள் விடாமல் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். வாய்விட்டுச் சொல்ல முடியாததைத்தான் வேண்டியிருக்கிறார். கையைப் பிடித்து அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

விஷயம் தெரிந்து டீச்சர் ஓடி வந்தாள். "அக்கா, அர்த்தம் தெரியாம எழுதிட்டேன்" என்று ஜோதிமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்க டீச்சர். வர்ற செவ்வாய்க்கு ரெண்டு சீட்டு எழுதுங்க. என் பேருல, எம்மகன் கரை சேரணும்னு ஒண்ணு. அவுக பேருல இன்னொண்ணு."

"அதுல என்னக்கா எழுத?"

"இப்ப எழுதுனீங்களே, அதத்தான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை பெஞ்சமின் முதல் சீட்டை வாசித்தார். சபை வழக்கம்போல் பதில் சொன்னது. இரண்டாவதை எடுத்தவர் தயங்கித்தான் வாசித்தார்: "என் மகன் இன்னாசி கரை ஒதுங்க வேண்டும். அருளானந்தம்."

முதலில் வாய் திறந்தவள் ஜோதிமேரி. "எங்கள் மன்றாட்டை" என்றாள். மீதியைச் சபை சொல்லி முடித்தது.