பெற்றிசியா வீட்டு நல்ல தண்ணீர்

கீரி என்ற ஊரில் கம்பஸ் பிள்ளைகள் ஒரு கிணற்றுக்குள் ஏதோ மருந்து ஊற்றிவிட்டார்களாம், நல்ல தண்ணீர் உப்பாகிவிட்டதாம். கம்பஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஸுஹறா இந்தக் கதையைத் தாராபுரத்தில் மாமி வீட்டில் கேட்டு வந்தாள். மாமிக்கு மீன் வாங்கப்போன இடத்தில் யாரோ சொன்னது.

"என்ன மருந்தாம்?" என்று கேட்டாள் யசிந்தா.

"ஆருக்குத் தெரியும் மிஸ். நீங்க உப்பு மூட்டையோட வந்திறங்கினதெண்டும் சொல்லினமாம்."

ஸுஹறா சிரித்தாள். யசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து பொய். தண்ணீர் உப்பானது உண்மையாக இருக்கும்.

யசிந்தா நீர்வளம் படிப்பிக்கிற விரிவுரையாளர். மன்னார்த் தீவின் மணலுக்குக் கீழே மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின்மேல் மிதந்து நிற்பதைப் பலகையில் எத்தனையோ முறை கீறிக் காட்டியிருக்கிறாள். மெல்ல அள்ளினால் நல்ல தண்ணீர். அடித்து இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலேறும். அதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டத்தான் போன கிழமை கீரியில் பெற்றிசியா வீட்டுக் கிணற்றைக் கேட்டு வாங்கினாள். சின்ன மோட்டரால் கொஞ்சம் இறைப்பது, உப்பு அளக்கும் மீட்டரில் அளவு ஏறத் தொடங்கியதும் நிறுத்துவது. அவ்வளவுதான் திட்டம்.

நிறுத்தப்போன நேரம் பார்த்துப் பெற்றிசியாவின் புருசன் யாகப்பர் ஓடிவந்தார். கோயில் திருநாளுக்கு முன்னம் கிணற்றை வாளியால் வற்ற இறைத்துச் சேறு அள்ளுவது அந்த வீட்டு வழக்கம்.

"நிப்பாட்டாதேங்கோ மிஸ், ஓடட்டும்! இந்த முறை என்ர முதுகு தப்பினது."

"இல்லை அண்ணை, இதுக்கு மேல இறைச்சா..."

"நீங்க வந்து சாப்பிடுங்கோ, குழம்பு ஆறுது."

முற்றத்தில் பெற்றிசியா பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கை நனைக்கும் வீட்டில் மாட்டேன் என்று சொல்ல யசிந்தாவுக்கு வாய் வரவில்லை. வாளியால் இறைக்கிற மனிசன் களைத்து நின்றுவிடுவான். மோட்டருக்கு ஏது களைப்பு? சாப்பாடு முடியும்வரை ஓடியது.

இப்போது ஸுஹறாவின் கதையை மனதில் சுமந்துகொண்டு வகுப்புக்குள் போனாள். அன்றைய பாடம், இயற்கை மனிதருக்குச் செய்யும் சேவைகள். பெருநிலப் பக்கத்து வயற்காரர் மகன் யதுசன் முந்திக்கொண்டான்.

"மணல் தண்ணியை வடிக்குது, தேக்கி வைக்குது, உப்பை அமத்திப் பிடிக்குது மிஸ்."

"அந்தச் சேவை கீரியில இப்ப நடக்குதோ?"

"மருந்து ஊத்தினா எப்பிடி நடக்கும்?" என்று பின்வாங்கில் ஒரு குரல். சிரிப்பு. கதை இங்கேயும் வந்துவிட்டது.

அபிசா சிரிக்கவில்லை. அன்று மீட்டர் வாசித்தவள் அவள். "உப்பு ஏறுது எண்டு நான் சொன்னனான் மிஸ். பிறகும் ஏன் நிப்பாட்டேல்லை?"

சோளகக் காற்றுக் காலம், மழை இல்லை, கடல் கிட்ட என்று சாக்குச் சொல்லலாம். எல்லாம் உண்மைதான், யாரும் மறுத்துக் கேட்கப்போவதில்லை. சேவை, சேவை என்று இத்தனை காலம் படிப்பித்தும், அது நின்றுபோனால் குடத்தோடு அலையப்போவது யார் என்று ஒரு முகத்தை யசிந்தா நினைத்துப் பார்த்ததில்லை.

"தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான்," என்றாள். "சோறு போட்ட ஆக்களுக்கு முன்னால வாய் வரேல்லை."

"அப்ப அவைக்குக் குடிக்கத் தண்ணி?"

"தெரியாது அபிசா. மாரி மழைக்குத்தான் கிணறு தேறும். திருநாள் அதுக்கு முன்னமே வந்திடும்."

"எங்கட வீட்டுக் கிணத்தில அள்ளி லான்ட்மாஸ்டர் உழவு மெசின்ல கொண்டுவரலாம் மிஸ்," என்றான் யதுசன். "அப்பாவோட நான் கதைக்கிறன்."

"முதல்ல அந்த அக்காட்டக் கேளுங்கோ," என்றாள் அபிசா. "நாங்க அந்தப் படலையைத் திறந்து உள்ள போகலாமோ எண்டு."

அது சரிதான். சொல்லவேண்டியதைப் பெற்றிசியாவிடம் இன்னும் சொல்லவில்லை. புருசனில் பிழை என்று அவள் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாளோ, இல்லை ஊரோடு சேர்ந்து மருந்துக் கதையை நம்பிவிட்டாளோ.

யசிந்தா எல்லோருக்கும் முன்னால் போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, பெற்றிசியாவின் இலக்கத்தை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"வேலையா நிப்பா," என்றான் யதுசன்.

பாடநேரம் முடிந்தும் ஒருவரும் எழும்பவில்லை. அவள் திரும்ப எடுத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.