செஞ்சம்மா அக்கா பட்டை போடவிடாத வண்டி

செஞ்சம்மா அக்கா இறந்துபோன செய்தி எங்களுக்குச் செய்தியாக வரவில்லை. போட்டோ கேட்டு வந்தது.

அன்று காலை இறாலை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, பழவேற்காடு பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அக்காவின் அண்ணன் கோதண்டம் மாமா என் போனுக்குக் கூப்பிட்டார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாக இருந்தவர் அவர்தான்.

"செஞ்சம்மா போட்டோ எதுனா நல்லதா வச்சிகிறியா உன்னாண்ட? மூஞ்சி தெளிவா தெரியணும்."

"எதுக்கு மாமா?"

"பேனருக்குமா. பிரஸ்காரன் அவசரப்படுத்துறான்."

எங்களோடு இறாலுக்கு வரும் சரோஜாக்கா பக்கத்தில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், போனைப் பிடுங்கினார். "யோவ், உசுரு கீதா போச்சானு மொதல்ல சொல்லுய்யா, பேனரு அப்பால அடி!" என்று கத்தினார். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. "விடியகாலம் போயிட்ச்சு" என்றார் மாமா.

உடல் ஊருக்கு வருவதற்கு முன்பே பேனர் வந்துவிட்டது. அதில் அக்காவின் முகம் தீப்பெட்டி அளவு. சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட ஆண்களின் முகங்கள், ஒவ்வொன்றும் முறம் அளவு. அவர்களில் பாதிப் பேர் அக்காவின் வண்டி வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போனவர்கள். அதைப் பார்த்ததும், அக்காவைப் பற்றி நானே சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். காரியத்தன்று யாராவது படிக்கட்டும்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஏரியில் கையால் இறால் பிடிப்பவர். இடுப்பளவுத் தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலை, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறி என்கிற ஓலைக் கூடையில் போடுவார். நாங்கள் ஐந்து பெண்கள் ஒன்றாகத்தான் போவோம். கோடையில் ஏரி வற்றித் தண்ணீர் தூரமாக ஓடிவிடும். கூடையைச் சுமந்துகொண்டு முழங்கால் சேற்றில் நடந்து கரையேறுவதற்குள் இறால் பாதி கெட்டுவிடும். அதற்காகத்தான் ஐவரும் சீட்டுக் கட்டி, பழைய மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றை வாங்கினோம். பட்டணத்தில் மீன்பாடி வண்டி என்பார்களே, அதுதான். எங்களில் அதை ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவர் அக்கா ஒருவரே. சரோஜாக்காவும் பழகினார். ஆனால் பிரேக்கை நம்புவதில்லை. காலைத் தரையில் ஊன்றித்தான் நிறுத்துவார்.

எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பை எலி மாதிரி கொறிக்கும். ஆயுத பூஜைக்கு எல்லோரும் துருவின் மேலேயே பளபளவென்று பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, மாலை போட்டுவிடுவார்கள். வண்டி புதுசு மாதிரி இருக்கும். அக்கா அதே நாளில் கம்பி பிரஷ்ஷை எடுத்து, ஃபிரேமில் இருந்த பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்தார். பிறகு மரப் படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயை அதன் மேல் பூசினார்.

அந்த நாற்றத்தை நான் மறைக்க விரும்பவில்லை. வெயில் ஏற ஏற அழுகிய குடல் மாதிரி வீசும். துணியில் ஏறும், தலைமுடியில் ஏறும், சோற்றில்கூட வரும். முதல் நாள் நான் வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எடுத்துட்டு ஏறு, எடம் கீது" என்றார்.

சரோஜாக்கா விடவில்லை. "ஏண்டி, புருசனுக்குக்கூட இப்டி எண்ண தேச்சிருக்க மாட்டியே!"

"தேச்சேன். வழுக்கிகினு போயிட்டான்."

பெயிண்ட் ஏன் கூடாது என்று ஒருநாள் நானே கேட்டேன். வெல்டிங் பட்டறைக்கு எதிரில் வண்டி நின்றிருந்தது. அங்கேதான் டச்சுக்காரர் கல்லறை இருக்கிறது. அதன் வாசல் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். அக்கா அதைக் காட்டினார். "அவனாச்சும் உள்ள இன்னா கீதுனு வெளிய சொல்லிட்டான். பெயிண்டு அடிச்சா விரிசல் எனக்குத் தெரியாது. தெரியாம நான் உங்கள ஏத்திகினு போவேனா?"

விரிசல் ஒரு கோடையில் வந்தது. வற்றிய ஏரியில், கூடைகள் நிற்கும் தட்டுக்கு அடியில் போகும் பைப்பில், மயிரிழை மாதிரி ஒரு கோடு. பெயிண்ட் இல்லாததால் அக்காவின் கண்ணில் பட்டது. எங்களை இறக்கிவிட்டு, கூடைகளைத் தலையில் ஏற்றச் சொல்லி, வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போனார்.

வெல்டிங் வைக்கும் பாய் குனிந்து பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஆங்கிள் இரும்பு வச்சு, குறுக்கால ரெண்டு இரும்புப் பட்டை போட்டுடலாம்மா. யானையே ஏறினாலும் தாங்கும்."

"யானைய ஏத்தப் போறது யாருனு எனக்குத் தெரியும் பாய்" என்றார் அக்கா.

கோதண்டம் மாமா அங்கேதான் நின்றிருந்தார். அவருக்கு ஐஸ் வியாபாரம். வண்டி வாங்கிய நாளிலிருந்தே அவர் கண் அதன் மேல்தான். "பலமா இருந்தா நல்லதுதானே? உனக்கு இன்னா நோவுது?" என்றார்.

"பலமா இருந்தா நீ ஏத்துவ. நீ ஏத்தினா அது ஒடையும். பட்டை போட்ட எடத்துல ஒடையாது, பட்டை முடியிற எடத்துல ஒடையும். அப்புறம் அங்க ஒரு பட்டை. கடைசில வண்டியவிட பட்டை கனக்கும். சேத்துல எறங்கினா நாங்க உள்ளயே குடித்தனம் பண்ணணும்."

பாய் சிரித்துவிட்டார். விரிசல் விட்ட துண்டை மட்டும் அறுத்து, அதே கனத்தில் வேறு பைப் வைத்துக் கொடுத்தார்.

அக்கா சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுத மாட்டேன். இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்வதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஃபிரேமோடு சேரும் இடத்தில் ஒரு பட்டை தேவை என்று பாய் படித்துப் படித்துச் சொன்னார். அக்கா அதற்கும் மறுத்தார். அது ஒடிந்தது. சரோஜாக்கா முன்னால் விழுந்து ஒரு பல்லை இழந்தார். அன்று சாயங்காலம் அக்கா அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். "என் வீம்பு உன் பல்லத் தின்னுட்ச்சு" என்றார். மறுநாள் ஃபோர்க்குக்கு மட்டும் உள்ளங்கை அளவில் ஒரு பட்டை போடச் சொன்னார். அதோடு சரி.

பாரம் விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் இளகியதில்லை. ஐந்து பேர், ஐந்து கூடை. ஒருமுறை மாமா கேட்காமல் ஐஸ் பெட்டிகளை ஏற்றிவிட்டார். அக்கா வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு ஓட்டிப்போனார். ஐஸ் உருகி ஓடியதை மாமா இன்றுவரை மறக்கவில்லை.

இந்தக் கோடையில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரமே, "சும்மா தானே நிக்குது" என்று மாமா வண்டியை எடுத்துப் போனார். வேறு பட்டறையில் கொடுத்து ஆங்கிள் அடித்து, பட்டை போட்டு, மேலே நீலப் பெயிண்டும் அடித்தார். ஐஸ் ஏற்றினார். நாங்கள் மீண்டும் சேற்றில் நடந்தோம். அக்காவிடம் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

உடலை எடுத்த அன்று, தங்கை அவள் வண்டியிலேயே போகட்டும் என்றார் மாமா. பூ ஜோடித்தார்கள். பாடையை ஏற்றிய பின் மேளக்காரர் ஏறினார், வெடிக்காரர் ஏறினார், வீடியோ எடுப்பவர் ஏறினார், பேனரில் இருந்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் தொற்றிக்கொண்டார்கள். யானையே ஏறினாலும் தாங்குமே. சுடுகாட்டுக்குப் போக ஏரியோரச் சேற்றைத் தாண்ட வேண்டும். வண்டி ஒடியவில்லை. அச்சு வரைக்கும் இறங்கியது. தள்ளினார்கள், திட்டினார்கள், சாராய நாற்றத்தோடு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அக்கா ஒருபக்கம் சரிந்தார். மாலை சேற்றில் விழுந்தது. அதை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தங்கையின் கால்மாட்டில் நின்றே சொன்னார்: "காரியம் முடியட்டும். பெரிய டயரு மாத்தி, இன்னும் ரெண்டு ஆங்கிள் போட்டுடலாம். ஐஸுக்கே விட்டுடலாம்."

சரோஜாக்கா முன்னால் போய், "எறங்குங்கடா எல்லாரும்" என்றார். எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அன்று நாங்கள் நால்வரும் பாடையைத் தோளில் வைத்து மறுகரை வரை கொண்டுபோய் விட்டோம். அக்கா கனக்கவே இல்லை.

மறுநாளே வண்டியைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்து, பாயிடம் தள்ளிப்போனோம். துக்க வீட்டு வண்டியாயிற்றே, காரியம் கழியட்டுமே என்று அவர் தயங்கினார். ஆங்கிளையும் பட்டையையும் அறுத்தெடுக்கச் சொல்லி நான்தான் கேட்டேன். முதல் ஆங்கிளைப் பிரித்ததும் உள்ளே தேங்கியிருந்த பழுப்புத் தண்ணீர் கொட்டியது. பைப்பும் ஆங்கிளும் ஒட்டிய இடுக்கில் உப்பு புகுந்து, இரும்பின் மேல்தோல் துருவாகி, ஊறிப்போன பிஸ்கட் மாதிரி விரலோடு வந்தது. மேலே நீலப் பெயிண்ட் மினுமினுத்தது. செத்த எலியைத் தொட்ட மாதிரி கையை உதறினேன். கெட்டுப்போன பைப்பை பாய் மாற்றினார்.

வேலை முடிகிற நேரத்தில் மாமா ஐஸ் பெட்டிகளோடு வந்தார். "எவ அறுக்கச் சொன்னது?"

பாய் என்னைப் பார்த்தார். "நான்தான்" என்றேன்.

"உன்ன ஊமக்கோட்டான்னு நெனச்சேன். என் தங்கச்சி வண்டிடி இது."

"இல்ல மாமா. அஞ்சு பேரு வண்டி. ஒருத்தவங்க போயிட்டாங்க. மிச்சம் நாலு பேரு கீறோம்."

"அப்ப என் ஐஸு?"

"தலைல வச்சிக்கோ" என்றார் சரோஜாக்கா, பல் இல்லாத இடைவெளி தெரிய. "கொழுப்பு கரையும்."

நேற்று விடியலில் ஏரிக்குப் போனோம். சரோஜாக்கா ஓட்டினார். பயமாகத்தான் இருந்தது. சேற்றுத் தரை தொடங்கியது. நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று சக்கரத் தடமும் மேலாகவே, விரல் ஆழம்கூட இல்லாமல், கரையிலிருந்து எங்கள் பின்னாலேயே வந்தது.

போய் வாருங்கள், அக்கா. உங்களுக்காக மேடையில் அழ ஆள் இருக்கிறது. நாங்கள் இறாலுக்குப் போகிறோம்.