மஹ்ஜூபா பொய்யை விட்ட பெருநாள்

சாஃபி துறைமுகத்து மத்தி மீன் ஆலையில் மீன் தலை கிள்ளும் பெண்களில் மஹ்ஜூபாவின் கைவேகத்துக்கு ஈடு கிடையாது. பொய் சொல்வதிலும் அப்படித்தான். அல்லால் என்பது அவள் புருஷன் பெயர்; பத்தொன்பது வருஷமாக அவன் குதிரைப் பந்தயத்தில் விட்டதையெல்லாம் அவள்தான் பூசி மெழுகினாள். டிவி போனபோது, "ரிப்பேருக்குக் குடுத்திருக்கு" என்றாள். காப்பு போனபோது, "ஹம்மாம்ல குளிக்கறப்போ கழண்டு விழுந்துடுச்சு" என்றாள். அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான், இவள் குனிந்து நடந்தாள். இது எந்த ஊர் நியாயமோ!

இந்த முறை போனது ஆடு.

பக்ரீத் பெருநாளுக்கு ஆறு நாள்தான் இருந்தது. மொட்டை மாடியில் நாலு மாதமாகக் காய்ந்த ரொட்டி போட்டு வளர்த்த கொம்புக் கிடா. ஆலைவிட்டு வந்து பார்த்தால் கயிறு மட்டும் கிடந்தது.

"ஏழாம் நம்பர் குதிரை நிச்சயம்னு சொன்னாங்க" என்றான் அல்லால், சுவரைப் பார்த்துக்கொண்டு. "எங்க அக்கா ஊருக்குப் போறோம்னு சொல்லிடு. எப்பவும் ஏதாவது சொல்லுவியே."

அந்த "எப்பவும்" அவளைச் சுட்டது. ஆட்டை விற்றதைவிட அதுதான் சுட்டது.

மகள் நவாலுக்கு நிச்சயமாகி ரெண்டு மாதம். பெருநாள் மறுநாள் சம்பந்தி வீட்டார் கிடாத்தலைக் கறிக்கு வருவதாகப் பேச்சு. ஆடில்லாத வீட்டில் பெண்ணெடுக்க யார் துணிவார்கள்? மஹ்ஜூபா அன்று சாயங்காலமே, மீன் வாடை போகக் கைகூடக் கழுவாமல், சம்பந்தியம்மா தாமுவின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, எங்க வீட்டுல ஆடு இல்ல. என் வீட்டுக்காரன் குதிரைக்குக் குடுத்துட்டான். கல்யாணம் வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. அவனுக்காக இனி ஒரு பொய்யும் என் வாயில வராது."

தாமு அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டுத் திரும்பியவளின் கண் நிறைந்திருந்தது.

"போன பெருநாளுக்கு மாமியாருக்கு உடம்பு முடியலைன்னு நாங்க அகாதிர் ஊருக்குப் போனோம்னு உங்கிட்ட சொன்னேன்ல?"

"ஆமா."

"அவங்க செத்து எட்டு வருஷம் ஆச்சுடி. எங்க ஆடும் குதிரைக்குத்தான் போச்சு. கதவைப் பூட்டிக்கிட்டு மூணு நாள் உள்ளேயே கிடந்தோம்."

ரெண்டு பேரும் அழுதார்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதற்கப்புறம் வந்த கோபம் இருக்கிறதே, அதற்கு அளவில்லை.

மறுநாள் பந்தய நேரத்தில் இருவரும் சந்தை முக்குக் காப்பிக்கடைக்குள் நுழைந்தார்கள். ஒரு பொம்பளையும் கால் வைக்காத கடை அது. டிவியில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. முன் மேசையில் அல்லாலும் தாமுவின் புருஷனும் கையில் பந்தயச் சீட்டோடு விறைத்துப்போனார்கள்.

கடைக்கார மிலூதி ஓடிவந்து மரியாதையாகவே சொன்னார். "லல்லா, இங்க பொம்பளைங்க வர்றதில்ல."

"எங்க ஆடு வருது, காப்பு வருது, டிவி வருது. நாங்க வந்தா மட்டும் கசக்குதா?" என்றாள் மஹ்ஜூபா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மானத்த வாங்காத, வீட்டுக்கு வா" என்று பல்லைக் கடித்தான் அல்லால்.

"உன் மானத்த நான் சுமந்தது போதும். இனி நீயே சுமந்துக்கோ." கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "புதினா டீ ரெண்டு. நாளைக்கு நாற்காலி கூடுதலாப் போட்டு வைங்க, ஆலையில எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

அதற்கப்புறம் டிவியை யாரும் பார்க்கவில்லை. அடுத்து யார் பெண்டாட்டி வருவாளோ என்று கடை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.