துணைக்குப் போன செருப்பு

நான் தனியாகத்தான் போவேன், தனியாகத்தான் வருவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்; பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிடும். அதனால் கண்டக்டரிடம் கேட்பேன். கண்டக்டரிடம் மட்டும்தான். பக்கத்தில் நிற்கிற யாரிடமும் எந்த ஊருக்குப் போகிறேன், எங்கே தங்குவேன் என்று வாயைத் திறக்க மாட்டேன். போன வருடம் குற்றாலச் சாரலுக்குப் புறப்பட்டபோது என் தங்கை மகள் என்னுடைய போனில் எதையோ ஏற்றிவைத்து, "பெரியம்மா, நீங்க எங்கன இருக்கீங்கன்னு இனி எனக்குத் தெரிஞ்சிரும்" என்றாள். தெரிந்துகொள்ளட்டும், நல்லதுதான். ஆனால் எனக்குத் தெரிந்த முதல் துணை ஒரு ஜோடி டயர் செருப்பு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் வீரகேரளம்புதூருக்கும் அந்தப் பக்கம், வயலுக்கு நடுவில் இருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணமான எட்டாம் மாதம் புருஷனைப் பறிகொடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். வீட்டில் மாவாட்டுவதும் அவள்தான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அவள்தான். அதற்கு நடுவில் தையல் படித்தாள். சர்க்கார் தையல் பரீட்சையில் தேறினால் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தேறாவிட்டால் அண்ணன் வீட்டு ஆட்டுரலோடு காலம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

பரீட்சை தென்காசியில், இரண்டு நாள். முதல் நாள் எழுத வேண்டும், மறுநாள் ஒரு சட்டையை வெட்டித் தைத்துக் காட்ட வேண்டும். முதல் நாள் எழுதி முடிக்க மாலை ஐந்தாகும். எங்கள் ஊருக்கு வருகிற ஒரே பஸ் நாலு மணிக்கே புறப்பட்டுவிடும். முந்தின வருடம் அந்தப் பஸ்ஸைப் பிடிக்க அத்தை பாதிப் பரீட்சையில் எழுந்து வந்தாள். தோற்றாள். அதை ஊரே சொல்லிச் சிரித்தது.

இந்த வருடம், கூடப் பரீட்சை எழுதும் சிநேகிதி வீட்டில் தங்கிக்கொள்வதாக அப்பாவிடம் சொன்னாள். அப்படி ஒரு சிநேகிதி கிடையாது.

"பொம்பள தனியாப் போகக் கூடாது, துணைக்கு ஆள் வேணும்" என்றார் அப்பா. யோசித்துப் பார்த்து என்னைத் துணைக்கு அனுப்பினார். ஒன்பது வயதுப் பிள்ளை இருபத்துமூன்று வயதுக்காரிக்குக் காவல்! அதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை, தலை நிமிர்ந்து போனேன். அன்று காலையில் அப்பா தன் செருப்பைக் காணாமல் வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். அது அத்தையின் பைக்குள், காக்கித் துணிக்கும் கத்தரிக்கோலுக்கும் அடியில் இருந்தது எனக்குத் தெரியாது.

அன்று பரீட்சையைக் கடைசி மணி அடிக்கும்வரை எழுதினாள். தென்காசியில் கடைக்குக் கடை அப்பாவுக்கு ஆள் தெரியும். அங்கே அறை எடுத்தால் மறுநாளே செய்தி வீட்டுக்குப் போய்விடும். குற்றாலத்தில் சாரல் பருவம், வருகிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். அதனால் குற்றாலம் போனோம்.

லாட்ஜ் மேனேஜர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்பள ஆள் யாரும் வரலியாம்மா? தனிப் பொம்பளைக்கு ரூம் குடுக்கிறதில்ல."

"யாரு தனியா வந்தா? எங்க அண்ணன் அருவிக்கரையில எண்ணெய் தேய்க்க உக்காந்துட்டாங்க அண்ணாச்சி. அவங்க பின்னால வாராங்க" என்றாள் அத்தை. நான் வாயைப் பிளந்தேன். என் தோளில் ஒரு கிள்ளு விழுந்தது.

மாடியில் அறை. பின்முற்றத்திலிருந்து ஏறுகிற மரப்படி, மேனேஜர் மேஜையிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே போனதும் அத்தை அப்பாவின் செருப்பை எடுத்து, கதவுக்கு வெளியே, பார்த்தால் தெரிகிற மாதிரி வைத்தாள். "யாரு என்ன கேட்டாலும் அத்தைட்ட கேளுங்கன்னு சொல்லு, வேற பேசாத" என்றாள். பிறகு காகிதத்தை விரித்து, மறுநாள் தைக்க வேண்டிய சட்டைக்கு அளவு போட உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பொழுது போகவில்லை. வாசலுக்கு வந்தேன். பக்கத்து அறைக்காரர், நாங்கள் அறை கேட்டபோது கீழே நின்ற பவுடர் மணக்கிற ஆள், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கப்பா வந்துட்டாரோ பாப்பா?"

"அத்தைட்ட கேளுங்க."

"வெளிய இந்தச் சாரல் அடிக்கி, வந்த மனுசன் செருப்பு காஞ்சில்லா கெடக்கு!" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். செருப்பு காய்ந்திருந்தால் இவருக்கு என்ன என்று நினைத்தேன். அத்தையிடம் சொல்லவும் இல்லை.

கீழே முற்றத்தில் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஊரில் இருக்கிறார், செருப்பு இங்கே இருக்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு இனி வாழ்நாளில் வராது. இரண்டையும் மாட்டிக்கொண்டு இறங்கினேன். சேற்றிலும் தண்ணீரிலும் குதித்து ஆடினேன். ஆசை தீர்ந்த பிறகுதான் பயம் வந்தது. படியேறினேன். பெரிய செருப்பு, அதில் தண்ணீர் வேறு. ஒவ்வொரு படிக்கும் தொப், தொப் என்று விழுந்தது.

பாதிப் படியில் மேலே அந்தப் பவுடர்க்காரரின் பேச்சுக் கேட்டது.

"அண்ணன் வெளிய போய்ட்டாரு போல, செருப்பக் காணோம். கதவத் தொறங்க, குடிக்கத் தண்ணி வேணும்."

"தண்ணி கீழ மேனேஜர்ட்ட இருக்கு." அத்தையின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"நீங்க தந்தா ஆகாதா? சும்மா தொறங்க." கதவை யாரோ உலுக்குகிற சத்தம்.

நான் அடுத்த படியை மிதித்தேன். தொப்.

"அண்ணே, வந்துட்டீங்களா!" என்று அத்தை கத்தினாள். "வெரசா வாங்கண்ணே, இங்கன ஒருத்தரு தண்ணி தண்ணின்னு நிக்காரு!"

எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா வந்துவிட்டார்! செருப்போடு மாட்டிக்கொண்டேனே என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் படியில் ஒருவரும் இல்லை. மேலே அவசரமாக நடக்கிற சத்தமும் பக்கத்து அறைத் தாழ் விழுகிற சத்தமும் கேட்டன.

அத்தை கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், சொட்டுகிற செருப்பைப் பார்த்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று கன்னத்தை மூடிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை.

"எறங்கிப் போயி திரும்ப ஏறுட்டி. மூணு தடவ. நல்லா மிதிச்சு ஏறு."

நான் அழுதுகொண்டே ஏறி இறங்கினேன். ஒவ்வொரு முறை மேலே வரும்போதும், "என்னண்ணே, பீடி வாங்கவா? மழையில ஏன் அலையுதீங்க?" என்று உரக்கக் கேட்டாள். என்னைக் கேலி செய்கிறாள் என்று எனக்கு அழுகை கூடியது.

மூன்றாம் முறை முடிந்ததும் என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள். முன் அறையில் நாலைந்து குடும்பங்கள் சாரலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தன. அவர்கள் எல்லார் காதிலும் விழும்படி, "அண்ணாச்சி, எங்க பக்கத்து ரூம்காரரு பொம்பள இருக்க ரூம் கதவத் தட்டித் தண்ணி கேக்காரு. அவருக்கு ஒரு கூஜா குடுங்க. எங்களுக்குக் குடும்பம் இருக்க ரூம் பக்கமா மாத்தித் தாங்க" என்றாள்.

மேனேஜர் தடுமாறினார். "உங்க அண்ணன் வந்தாச்சாம்மா?"

"செருப்புச் சத்தம் கேக்கலியா உங்களுக்கு?"

கேட்டதுதான். படியெல்லாம் சேற்றுத் தடம் வேறு. அறையை மாற்றித் தந்தார்.

மறுநாள் அத்தை சட்டையைக் கோணாமல் தைத்தாள். தேறினாள், டீச்சரும் ஆனாள். பள்ளிக்கூடத்து நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்தாள். ஆனால் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, அத்தை திண்ணைக்கடியில் தள்ளிவைத்த சேறு அப்பிய செருப்பை அப்பா தூக்கிப்பிடித்து, "யாருட்டி இதுல வெள்ளாண்டது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன், உண்மைதானே. முதுகில் இரண்டு விழுந்தது. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்று பல நாள் அத்தையோடு நான் பேசவில்லை. அவள் எனக்கென்று ஒரு பாவாடை தைத்துத் தந்தாள்.

இப்போது லாட்ஜில் அறை எடுத்தால் என் செருப்பைத்தான் வெளியே விடுகிறேன். "தனியாவா வந்தீங்க ஆச்சி?" என்று மேனேஜர் கேட்டால், "ஆமா, தாழ்ப்பாள் சரியா விழுதான்னு முதல்ல காட்டு" என்பேன். எந்தப் படியில் ஏறினாலும் கொஞ்சம் அழுத்தி மிதித்துத்தான் ஏறுவேன். கால்வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்று அத்தை "அண்ணே" என்று கூப்பிட்டபோது படியில் நின்ற ஒன்பது வயதுப் பிள்ளை பின்னால் திரும்பி ஆளைத் தேடியது. கூப்பிட்டது தன்னைத்தான் என்று அதற்குத் தெரியவில்லை.